வளர்ந்தவர்களுக்கு இல்லாத சொல்

அக்கா,

பக்கத்து வீட்டு அடுப்பில் செத்தல் மிளகாயும் உப்பும் வெடிக்கிற மணம். அவர்களுடைய பிள்ளையின் படத்தைப் போட்டு, கீழே ‘புரொடிஜி’ என்று எழுதிச் சந்தியில் பதாகை கட்டியிருக்கிறார்கள். கண் பட்டிருக்கும் என்று நாவூறு கழிக்கிறார்கள். நான் இருமிக்கொண்டே வாசலில் நிற்கிறேன். சுன்னாகத்து வெயில் மெல்ல மஞ்சளாகிறது. அந்த மணத்தோடு நினைவில் நீ கிணற்றடியிலிருந்து ஈரக்காலோடு வருகிறாய்.

உனக்கு அப்போது எட்டு வயது. யார் வந்தாலும் தேத்தண்ணி கொடுக்குமுன் அம்மா உன்னைக் கூப்பிடுவார். எவ்வளவு பெரிய பெருக்கலுக்கும் உடனே விடை சொல்லுவாய். எப்படி என்று கேட்டேன். “எண்ணெல்லாம் வெங்காயத் தோட்டத்து வரம்பு மாதிரிக் கிடக்குதடி. நான் நடந்து போறன்” என்றாய். நானும் கண்ணை மூடி நடந்து பார்த்தேன். எனக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை.

லண்டனிலிருந்து வந்த அப்பாவின் சிநேகிதர்தான் அந்தச் சொல்லைக் கொண்டுவந்தார். “உவள் ஒரு புரொடிஜி” என்றார். அப்பா அகராதியைப் புரட்டி, “வயதுக்கு மிஞ்சிய திறமையுள்ள குழந்தை” என்று உரக்க வாசித்தார். பொழுதுபடுமுன் ஒழுங்கை முழுவதும் அதே கதை. அம்மா பயந்துபோய் மிளகாயும் உப்பும் எடுத்து வந்து உன்னை மட்டும் இருத்தினார். என்னில் எவருடைய கண் படப்போகிறது! நீ எழும்பி வந்து என்னைப் பிடித்து இழுத்தாய்.

“இவளுக்கும் சேர்த்துச் சுத்துங்கோ. இல்லாட்டி நான் இருக்கமாட்டன்.”

ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். புகைக்குள் என் காதோடு கேட்டாய்: “அது சின்னப்பிள்ளையளுக்குத்தானாம். வளர்ந்தாப் பிறகு என்னை என்னெண்டு கூப்பிடுவினம்?”

ஊருக்கும் அது தெரியவில்லை. நீ பெரியவளாக ஆக அந்த வரம்புகள் மங்கிப்போயின. சாவகச்சேரியில் மருந்துக்கடையில் வேலைக்கு நின்றாய். “உவதானே அந்தப் பிள்ளை? என்ன நடந்தது?” என்று உன் முன்னாலேயே கேட்பார்கள். என்ன நடந்தது? நீ வளர்ந்தாய், அவ்வளவுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நீ சிரிப்பாய். “விடடி. அந்தச் சட்டை எனக்குச் சின்னனாய்ப் போச்சுது.” ஆனால் கடைசி நாட்களில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், பார்க்க வந்த ஒருத்தி அதே பழங்கதையைத் தொடங்கியபோது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய்.

இப்போது என் மகள், ஒருதரம் கேட்ட பாட்டை அப்படியே ஆர்மோனியத்தில் வாசிக்கிறாள். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத்தான் சொல்லலாம்.

நேற்று கனடாவிலிருந்து இவரின் சொந்தக்காரர் வந்தார்கள். “எங்கை உங்கடை புரொடிஜி? ஒருக்கால் வாசிக்கச் சொல்லுங்கோ, வீடியோ எடுப்பம்.” முற்றத்தில் அவள் கூட்டாளிகளோடு கிளித்தட்டு மறித்துக்கொண்டு, புழுதியும் வியர்வையுமாகக் கத்திக்கொண்டிருந்தாள். பெருமையில் அவள் பெயர் என் நாக்குநுனிவரை வந்துவிட்டது.

“அவள் விளையாடுறாள்” என்றேன்.

எல்லாரும் காத்திருந்தார்கள். தேத்தண்ணி ஆறிப்போனது. நான் கூப்பிடவில்லை, அக்கா.