பேட்டரி வயரைக் கழற்றிய அன்று

மாப்ள,

இன்றைக்கு விளாங்குடி ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டிருந்தேன். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டர் போய்விட்டது, புதுசு போட்டுவிடலாம், ரிப்பேர் பண்ணினால் நிற்காது என்றார் மெக்கானிக். பக்கத்துப் பட்டறையில் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டி வார்னிஷ் பூசிக் காயவைத்திருந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. மெக்கானிக் மேல் இல்லை, நம்முடைய திருமங்கலம் வாடகைக் கார் ஸ்டாண்டு மேல். நீ செத்த பிறகும் அது ஆறவில்லை.

எண்பதுகளின் கடைசி. டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்துகொண்டிருந்த நேரம். என் காரில் புதுசு வாங்கிப் போட்டிருந்தேன். உன் காரில் பழுதானபோது உன்னையும் புதுசு வாங்கச் சொல்லி டீக்கடையில் மல்லுக்கட்டினேன். "காயில்தானே மாப்ள போச்சு, மத்ததெல்லாம் நல்லாத்தானே இருக்கு. அதை எதுக்குத் தூக்கிப் போடணும்?" என்றாய். மதுரைக்குப் பஸ்ஸில் கொண்டுபோய்க் காயில் கட்டி வந்து மாட்டினாய். ஹெட்லைட் வெளிச்சத்தில் கண் கூசியது.

ஸ்டாண்டில் விட்டார்களா? ரிப்பேர் சாமானை நம்பிக் கல்யாணச் சவாரிக்கு அனுப்ப முடியாது, சோதித்துப் பார்க்கணும் என்றார் ஸ்டாண்டுத் தலைவர். டைனமோ காலத்துச் சோதனைதான். என்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றுவது; அப்படியும் ஓடினால் சாமான் நல்லது என்று கணக்கு. ஆல்டர்னேட்டர் அதைத் தாங்காது, உள்ளே டயோடு எரிந்துவிடும் என்று பட்டறையில் சொன்னதை நீ சொல்லிப் பார்த்தாய். யார் கேட்டார்கள்? கழற்றினார்கள், எரிந்தது. ரிப்பேர் சாமான் லட்சணம் இதுதான், வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடு என்றார் தலைவர்.

உங்கள் தெருவிலிருந்து அந்த ஸ்டாண்டுக்கு வந்த முதல் கார் அது. எங்களைப் போன்றவர்களின் வயலில் கூலிக்கு நின்றவர் உன் அப்பா. ஸ்டாண்டுக்காரர்களுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

நீ வண்டியை எடுக்கவில்லை. தலைவருக்கு நேராகப் போய் நின்றாய்.

"அண்ணே, ஒங்க வண்டியிலயும் கழட்டுங்க. எரியலைன்னா நான் போறேன்."

என்னுடையது புதுசு, எதற்குச் சோதிக்கணும் என்றார். அவர் கை பானெட் பக்கமே போகவில்லை. மற்றவர்கள் ரோட்டைப் பார்த்தார்கள். நான் போய் என் காரை ஸ்டார்ட் செய்து, பானெட்டைத் திறந்து என்ஜினை நன்றாக இரையவிட்டு, எல்லோரும் பார்க்க வயரைப் பிடுங்கினேன். புத்தம் புது ஆல்டர்னேட்டர். அதுவும் எரிந்தது. நீதான் என்னைத் திட்டினாய்.

"ஒனக்கென்ன கிறுக்கா? ஒன்னைய யாருடா கழட்டச் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. என்னிடம் யாரும் எதையும் சோதித்ததே இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இரண்டையும் ஒரே பையில் போட்டு மதுரைக்குப் போய், டயோடு மாற்றி வந்து மாட்டினோம். அடுத்த முகூர்த்தத்தில் நம் இரண்டு கார்களும் ரிப்பேர் சாமானோடு வரிசையில் நின்றன. கொட்டாம்பட்டிக்குப் பெண் வீட்டாரை ஏற்றிப்போனது உன் கார். தலைவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பட்டும்.

வயசாகிவிட்டது, வாயை அடக்கு என்கிறார்கள் வீட்டில். முடியாது மாப்ள. பத்துப் பேர் நிற்கிற இடத்தில் ஒருத்தனை மட்டும் தனியே நிறுத்தி நிரூபி என்று யாராவது சொன்னால், முதலில் என்னைச் சோதி என்று இன்னமும் போய் நிற்கிறேன்.