கட்டணத்தை யார் கட்டுவது

அன்புள்ள அக்கா,

எல்லாரும் தூங்கியபின் குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் போனை அம்மா வாங்கி வைத்துக்கொண்டாள். நான் எழுதியது அவளுக்குத் தெரிய வேண்டாம்.

இன்று பள்ளி விட்டதும் என்னையும் மத்தியஸ்தர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் வெளியே உட்கார வைத்தார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை. விவாகரத்தைப் பேசி முடிக்க அவருக்கு மணிக்கு இவ்வளவு என்று கட்டணம், ஆளுக்குப் பாதி. அதனால் அப்பாவும் அம்மாவும் சண்டையே போடவில்லை. வீடு, கார், உன் பழைய கட்டில், எல்லாம் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

பிறகு என் பேச்சு வந்தது. இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை.

"மீட்டர் ஓடிட்டே இருக்குங்க" என்று மத்தியஸ்தர் சிரித்தார். "ஒண்ணு பண்ணலாம். பாப்பாவை யாரு வச்சுக்கறீங்களோ, அவங்க எனக்குப் பைசா தர வேணாம். மொத்தத்தையும் மத்தவங்க கட்டட்டும்."

"நானே கட்டிடறேன்" என்றார் அப்பா.

"நீங்க ஒண்ணும் பெரிய மனசு காட்ட வேணாம். நான் கட்டறேன்" என்றாள் அம்மா.

ஹோட்டல் பில்லுக்கு முந்திக்கொள்கிறவர்கள் மாதிரி இரண்டு பேரும் பர்ஸைத் திறந்தார்கள்.

இந்த மாதக் கடைசியில் மத்தியஸ்தர் என்னையே உள்ளே கூப்பிட்டு, யாரோடு இருக்க ஆசை என்று கேட்பாராம். யாரைச் சொல்கிறேனோ அவர் முகம் போகிற போக்கை நான் பார்த்தாக வேண்டும். பயமாக இருக்கிறது.

அக்கா, உன்னைச் சொல்லட்டுமா? ஹாலில் படுத்துக்கொள்வேன். மாமாவுக்குத் தொந்தரவாக இருக்க மாட்டேன். முடியாதென்றால் இப்போதே பள்ளி முகவரிக்கு எழுதிவிடு. நான் உன்னைச் சொன்னால் அன்றைக்கு மத்தியஸ்தர் உன்னிடம் போனில் கேட்பார், ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்பார். முடியாது என்று அப்போது சொல்லாதே.

உன் தங்கை