எட்டுக் கிரிஸ்டல்

மார்ச் 4, செவ்வாய்

ஸ்கேன் சென்டரிலிருந்து என் பெட்டி இன்றுதான் வந்தது. கூரியரில் போட்டுவிட்டிருக்கிறார்கள். சால்டரிங் அயர்ன், பூதக்கண்ணாடி, இரண்டு இடுக்கி, பாதி தீர்ந்த பசைக் குழாய். முப்பத்தொரு வருஷத்துக்கு இவ்வளவுதான் மிச்சம்.

ஜெல் துடைக்கிற துணியைத் துவைக்கத்தான் அங்கே வேலைக்குப் போனேன். ஸ்கேன் என்றால் எல்லோரும் திரையைப் பார்க்கிறார்கள். வயிற்றில் வைத்துத் தேய்க்கிற ப்ரோப்தான் ஸ்கேன், மற்றது டிவி. அந்த ப்ரோபைப் பிரிக்க யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இரண்டைக் கெடுத்தேன், மூன்றாவதைச் சரிசெய்தேன். அதற்கப்புறம் கெடுத்ததில்லை.

சென்டரை ஆரம்பித்த பெரிய டாக்டர் போனபின் அவருடைய மருமகன் சென்டரை எடுத்துக்கொண்டார். முதல் வாரமே, "இதுக்குப் படிச்ச சர்டிபிகேட் ஏதாவது வெச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டார். அப்புறம், இனி வரவேண்டாம் என்றுவிட்டார். இவர் கல்யாணத்தன்று நான் சாப்பாட்டுக்குக்கூடப் போகாமல் கேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு யார் சர்டிபிகேட் தருவார்கள்?

தங்கைக்கு வலது விலாவுக்குக் கீழே மறுபடி வலி. ஸ்கேன் எடுக்கச் சொல்லி எழுதிக்கொடுத்திருக்கிறார்கள்.

மார்ச் 7, வெள்ளி

வேறு இடத்துக்குப் போகலாம் என்றேன். "உன் கோபத்துக்கு நான் ரெண்டு பஸ் மாறணுமாக்கா?" என்றாள். அங்கேயே போனோம். என்னை உள்ளே விடமாட்டார்கள் என்று நினைத்தேன். விட்டார்கள். ஸ்கேன் டாக்டரம்மா என் முகத்தைப் பார்க்காமல் நலம் விசாரித்தார்.

படம் வந்ததுமே பார்த்துவிட்டேன். நடுவுக்குக் கொஞ்சம் வலப்புறம், மேலிருந்து கீழே ஒரு கறுப்புப் பட்டை. தங்கை மூச்சை இழுத்துப் பிடித்தாள், உள்ளே எல்லாம் கீழே இறங்கியது, பட்டை மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது. உடம்பில் இருக்கிற நிழலாக இருந்தால் உடம்போடு நகர வேண்டாமா?

ப்ரோபின் ரப்பர் முகத்துக்கு அடியில் சின்னக் கிரிஸ்டல்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் உள்ளே ஒரு சத்தத்தை அனுப்பிவிட்டு, திரும்பி வருவதைக் கேட்கும். யாரோ கீழே போட்டிருக்கிறார்கள். கொஞ்சம் செத்துவிட்டது. செத்த இடத்துக்கு நேர் கீழே எதுவும் கேட்காது. அதுதான் பட்டை.

சொன்னேன். வெளியே நாற்பது பேர் காத்திருப்பதாக டாக்டரம்மா சொன்னார்.

மார்ச் 11, செவ்வாய்

ரிப்போர்ட் வந்தது. வலது சிறுநீரகத்தின் மேல்பக்கம் தெளிவாக இல்லையாம், கட்டி இருக்கலாமாம், சி.டி. எடுத்துப் பார்க்க வேண்டுமாம்.

தங்கை அதைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். தையல் மிஷினில் பாதி தைத்த ஜாக்கெட் அப்படியே கிடந்தது.

கட்டியும் இல்லை ஒன்றும் இல்லை, அவர்கள் ப்ரோப் செத்துக் கிடக்கிறது என்றேன். நிஜமாகவா என்று மூன்று தடவை கேட்டாள். பிறகு எழுந்து முகம் கழுவினாள். "நீ இல்லேன்னா இல்லைதான். எனக்கு அந்த சி.டி. குகைக்குள்ள எல்லாம் படுக்க முடியாது."

மார்ச் 12, புதன்

என் கைப்பையில் ஒரு ஜெம் கிளிப்போடு போனேன். மருமகனும் இருந்தார், ரிப்பேருக்குப் புதிதாக ஒப்பந்தம் போட்டிருக்கும் கம்பெனிக்காரரும் இருந்தார். நல்லதாயிற்று.

கிளிப்பை நீட்டிக் கம்பியாக்கி, ப்ரோபின் முகத்தில் குறுக்கே வைத்து, ஒரு ஓரத்திலிருந்து மெல்ல நகர்த்தினேன். கம்பி போகிற இடமெல்லாம் திரையில் ஒரு வெள்ளைக் கீற்று கூடவே போனது. நடுவைத் தாண்டியதும் கீற்று அணைந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளியதும் மறுபடி எரிந்தது. இரண்டு தடவை செய்து காட்டினேன். எட்டுக் கிரிஸ்டல். விரல்விட்டு எண்ணிச் சொன்னேன்.

கம்பெனிக்காரர் மடிக்கணினியைத் திறந்து மூடினார். "மேடம் சொல்றது சரியா இருக்கலாம் சார்," என்றார். இருக்கலாமாம்.

மருமகன் எனக்கு டீ வாங்கிவரச் சொன்னார். நான் குடிக்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

மருமகன் போன் செய்தார். புது ப்ரோப் வந்துவிட்டதாம், தங்கையை அழைத்துவந்தால் தானே நின்று மறுபடி பார்க்கச் சொல்வாராம், காசு வேண்டாமாம்.

பழைய ரிப்போர்ட் தப்பு என்று முதலில் எழுத்தில் கொடுங்கள் என்றேன். ப்ரோப் பழுது, அதை முதலில் கண்டு சொன்னது நான் — இரண்டும் அதில் இருக்க வேண்டும். "அதெல்லாம் எதுக்கும்மா, வந்து ஒரு தடவை பாத்துட்டுப் போங்களேன்." ஒரு தடவை பார்த்துவிட்டால் அப்புறம் யார் எழுதுவார்கள்? என்னை அனுப்பியது தப்பு என்று எங்கே இருக்கும்?

கடிதம் வந்தால் வருகிறோம் என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 27, வியாழன்

கடிதம் வரவில்லை.

ஏப்ரல் 19, சனி

ஒரு கடிதம் வந்தது. "தொழில்நுட்பக் காரணங்களால் கருவி மாற்றப்பட்டுள்ளது." என் பெயர் இல்லை. பழுது என்ற சொல்லே இல்லை. திருப்பி அனுப்பினேன்.

தங்கையின் மகன் வெளியூரிலிருந்து போன் செய்தான். வேறு எங்காவது சி.டி. எடுத்துவிடலாமே என்றானாம். அவள் என்னைப் பார்த்தாள். இல்லாத கட்டிக்கு எதற்கு என்றேன். போனில் அதையே திருப்பிச் சொன்னாள். வைத்தபின், "பொண்ணு பார்க்க வந்தவனப் பத்திக்கூட நீ இவ்வளவு பேசினதில்ல. எப்பப் பாரு ப்ரோப், ப்ரோப்," என்று சிரித்தாள்.

மே 8, வியாழன்

தன் ஜாக்கெட்டையே பிரித்து இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். போன மாதமும் பிடித்தாள். துணி தளர்ந்துவிட்டதாம். இப்போது வருகிற துணி எல்லாம் அப்படித்தான்.

மே 23, வெள்ளி

மருமகனே வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றார். வக்கீல் எழுதவேண்டாம் என்கிறாராம். அப்படியானால் என்மேல் தப்பில்லை என்று வக்கீலுக்கும் தெரிந்திருக்கிறது என்றேன். உள்ளே எட்டிப் பார்த்து, தங்கச்சி எப்படி இருக்காங்க என்றார். வலி அப்படியேதான் என்று அவள் உள்ளிருந்தே பதில் சொன்னாள். வாயு என்றேன் நான்.

ஜூன் 10, செவ்வாய்

வந்துவிட்டது. முத்திரை, கையெழுத்து, என் முழுப் பெயர். "மார்ச் 7 அன்று பயன்படுத்திய ப்ரோபில் எட்டுக் கிரிஸ்டல்கள் செயலிழந்திருந்தன. இதனை முதலில் கண்டறிந்தவர்..." நான்கு தடவை படித்தேன். தங்கையையும் உரக்கப் படிக்கவைத்தேன். முடித்துவிட்டு, "இப்ப போகலாமா?" என்றாள்.

ஜூன் 12, வியாழன்

எழுதித்தான் ஆக வேண்டும்.

புது ப்ரோப். பட்டை இல்லை. முதலில் நான் பார்த்தது படத்தின் சுத்தத்தைத்தான். ஓரம்வரை கேட்கிறது, ஒரு கிரிஸ்டல் பழுதில்லை. நல்ல சரக்கு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன் — அப்படித்தான் சொல்லிக்கொண்டேன், இல்லையென்று எழுத மாட்டேன்.

அதற்குள் டாக்டரம்மாவின் கை நின்றுவிட்டது. மூச்சை இழுக்கச் சொன்னார். விடச் சொன்னார். திரையில் ஒரு சிலுவைக் குறி வைத்தார், எதிரே இன்னொன்று. அளவு எடுக்கும்போதுதான் அந்தக் குறி வைப்பார்கள். முப்பத்தொரு வருஷம் பார்த்திருக்கிறேன். ஆறு புள்ளி இரண்டு சென்டிமீட்டர்.

சிறுநீரகத்தின் மேல்பக்கம். தங்கை மூச்சுவிடும்போது அதுவும் கூடவே ஏறி இறங்கியது.

அன்றைக்குப் பட்டை அதன்மேல்தான் விழுந்திருந்தது. செத்த எட்டுக்கும் நேர் கீழே.

"மார்ச்சுலயே சி.டி. எடுத்திருந்தா..." என்று டாக்டரம்மா ஆரம்பித்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு ஜெல்லைத் துடைக்கக் காகிதம் எடுத்தார். தங்கை அதை வாங்கித் தானே துடைத்துக்கொண்டாள்.

ஜூன் 13, வெள்ளி

ப்ரோப் செத்திருந்தது. அது பொய்யா? பட்டை கட்டி இல்லை என்று சொன்னேன். பட்டை கட்டி இல்லைதான். பட்டைக்குப் பின்னால் என்ன என்று யார் என்னைக் கேட்டார்கள்? டாக்டரம்மா கையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். நாற்பது பேர் காத்திருந்தார்களாம்.

நான் டாக்டரா? ப்ரோபைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். இல்லாத கட்டி என்று ஏன் சொன்னேன். அவள் பயந்தாள், அதனால சொன்னேன். இல்ல — அதனால மட்டும் இல்ல.

ஜூன் 24, செவ்வாய்

சி.டி. எடுத்தாயிற்று. அந்தக் குகைக்குள் படுத்துவிட்டு வந்து, ஒன்றுமே இல்லையே, ஐந்து நிமிஷம்தானே என்றாள். பக்கத்திலும் கொஞ்சம் பரவியிருக்கிறதாம்.

என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் பதில் வைத்திருக்கிறேன். சாப்பாடு போட்டாள். உப்பு சரியா என்று கேட்டாள்.

ஜூலை 1, செவ்வாய்

ஆபரேஷன் செய்கிற டாக்டரைப் பார்க்கப் போனோம். அறைக்கு வெளியே இரும்பு நாற்காலிகள். எங்களைக் கூப்பிட்டதும் நான்தான் முதலில் எழுந்தேன், ரிப்போர்ட் பை என் கையில் இருந்தது. எப்போதும் டாக்டரிடம் பேசுகிறவள் நான்தான். அவள் கணவர் போனபோதும் நான்தான் பேசினேன்.

பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நீ உக்காருக்கா. நான் கேட்டுட்டு வரேன்."

கோபமாகச் சொல்லவில்லை. உட்கார்ந்தேன். இருபத்தைந்து நிமிஷம்.

வெளியே வந்ததும் என்ன சொன்னார் என்று கேட்டேன். எல்லாம் சொன்னார் என்றாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் எனக்கு விட்டாள்.

ஆபரேஷன் பதினாறாம் தேதி, புதன். காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றோடு வரவேண்டுமாம். மகனிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.