சொக்ஸ் கள்ளி

எம்மன்புரூக்கே
03.02.2025

முதலாம் மாடி வில்மர் அம்மாவுக்கு,

மூன்றாம் மாடி ராஜேஸ்வரி எழுதுறன். சுகமோ எண்டு கேக்கேல்லை. காலமை படியில கண்டனான், சுகமாத்தான் இறங்கிப் போனீங்கள். எனக்கு டொச், அதுதான் ஜெர்மன் மொழியில எழுத வராது. மகள் சரணியா மொழி மாத்தித் தருவாள், உங்கட மறுமொழியையும் அவளே தமிழில தருவாள். ஒரு சொல்லையும் மென்மையாக்கக் கூடாது எண்டு சொல்லியிருக்கிறன்.

நீங்கள் பிள்ளையளுக்குப் புத்தகம் எழுதுற ஆள். படமும் நீங்களே கீறுவியளாம். உங்கட "சொக்ஸ் கள்ளி"யைப் பேத்தி ஹரிஷா பள்ளிக்கூடத்தில இருந்து கொண்டுவந்தாள். நிலவறையில ஒளிச்சிருந்து, பிள்ளையளின்ர சோடிச் சொக்ஸில ஒண்டை மட்டும் களவெடுக்கிற கிழவி. குளிர்க் கோட்டுக்குக் கீழ சீலை. சீலைக்குக் கீழ ஓட்டச் சப்பாத்து. புருவத்தில வெட்டுத் தழும்பு. இந்தச் சுவிஸ் எம்மன்புரூக்கேயில இப்பிடி எத்தனை பேர் திரியினம், சொல்லுங்கோ?

இப்ப நான் ஹரிஷாவைக் கூட்டப் போனால், வகுப்புப் பிள்ளையள் சொக்ஸைப் பொத்திக்கொண்டு கத்தி ஓடுதுகள். அவளுக்கு ஏழு வயசு. போன கிழமை சொன்னாள்: "அம்மம்மா, நீங்கள் பஸ் தரிப்பிலயே நில்லுங்கோ. நான் தனிய வாறன்."

இதுக்கு நீங்கள்தான் ஒரு வழி சொல்லவேணும்.

ராஜேஸ்வரி


எம்மன்புரூக்கே
07.02.2025

மதிப்புக்குரிய திருமதி ராஜேஸ்வரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். பொய் சொல்ல விரும்பவில்லை. அது நீங்கள்தான்.

நான் வெளியே அதிகம் போவதில்லை. இந்தப் படிக்கட்டில் யாரைக் காண்கிறேனோ அவர்களைத்தான் வரைகிறேன். நம் கட்டடத்துக் காவலாளர் இரண்டு புத்தகங்களில் முயலாக வருகிறார். இன்றுவரை அவருக்குத் தெரியாது. நீங்களும் பார்க்கமாட்டீர்கள் என்று நினைத்துவிட்டேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு காலையில், கீழே உடுப்புத் துவைக்கும் அறையில் உங்களைக் கண்டேன். ஒவ்வொரு இயந்திரத்துக்குப் பின்னாலும் குனிந்து குனிந்து எட்டிப் பார்த்தீர்கள். கையில் ஒற்றைக் காலுறை. அந்த முகம் என்னை விடவில்லை. மாடிக்கு ஏறி முடிவதற்குள் கதை வந்துவிட்டது.

அச்சான புத்தகத்தைத் திரும்ப அழைக்க முடியாது. அடுத்த புத்தகத்தில் உங்களை ஒரு நல்ல தேவதையாக வரையட்டுமா?

வணக்கத்துடன்
கெர்டா வில்மர்


எம்மன்புரூக்கே
10.02.2025

வில்மர் அம்மாவுக்கு,

எனக்குத் தேவதை வேசம் வேண்டாம்.

அந்தக் காலமை எது எண்டு உங்களுக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்காது. 2019ஆம் ஆண்டு மார்கழி, செவ்வாய்க்கிழமை. என்ர மனுசன் செத்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிஞ்ச மற்ற நாள். லுசேர்ணில ஹோட்டல் குசினியில நிண்டு நிண்டே கால் வீங்கின மனுசன். அவர் கடைசியா உடுத்ததுகளை மெசினில போட்டுவிட்டு மேல வந்தன். செவ்வாய் உங்கட துவைக்கிற முறை எண்டு சுவரில ஒட்டியிருந்ததாம். அண்டைக்கு எனக்குக் கிழமையே தெரியாது.

நீங்கள் மெசினை நிப்பாட்டி, எல்லாத்தையும் ஈரத்தோட சீமெந்து நிலத்தில போட்டியள். மேல ஒரு துண்டுக் கடதாசியும் வைச்சியள்: "செவ்வாய்க்கிழமை என்னுடையது."

வேட்டியையும் சேர்ட்டையும் பொறுக்கினன். சொக்ஸில ஒண்டைக் காணேல்லை. குளிருக்கெண்டு நான் வாங்கிக் குடுத்த பச்சைக் கம்பளிச் சொக்ஸ். அதைத் தேடேக்கைதான் நீங்கள் கண்டிருக்கிறியள். தேடினவளைக் கள்ளியாக்கிப் போட்டியள். அண்டையில இருந்து நான் உங்களோட கதைக்கிறேல்லை. அதையெண்டாலும் கவனிச்சியளோ?

ஹரிஷாவின்ர வகுப்புக்கு வந்து, உங்கட வாயால இதைச் சொல்லுங்கோ.

ராஜேஸ்வரி


எம்மன்புரூக்கே
21.02.2025

மதிப்புக்குரிய திருமதி ராஜேஸ்வரி,

அந்தத் துண்டை எழுதியது நினைவிருக்கிறது. உங்கள் கணவர் இறந்தது எனக்குத் தெரியாது. தொப்பியைக் கழற்றி எனக்கு வணக்கம் சொல்லும் மனிதரை ஏன் இப்போது காணவில்லை என்று யாரிடமும் நான் கேட்கவும் இல்லை. மன்னியுங்கள்.

என் இழுப்பறைகளில் தேடினேன். காவலாளரைக் கூப்பிட்டு இயந்திரங்களை நகர்த்தியும் பார்த்தேன். பச்சைக் காலுறை இல்லை.

ஆனால் பள்ளிக்கூடம் என்னால் முடியாது. சிரிப்பீர்கள், எனக்குப் பிள்ளைகள் என்றால் பயம். ஒன்பது வயதில் ஜெர்மனியிலிருந்து இங்கே, சுவிஸுக்கு வந்தேன். அம்மா லுசேர்ணில் ஒரு ஹோட்டலுக்கு இஸ்திரிப் பெட்டியால் துணி மினுக்கினார். நான் வாய் திறந்தால், சுவிஸ்காரர் பேசுவதுபோல் இல்லாத என் ஜெர்மன் பேச்சைக் கேட்டு வகுப்பே சிரிக்கும். பேசுவதை விட்டுவிட்டுப் படம் வரையத் தொடங்கினேன். அதுதான் இன்றுவரை என் தொழில். பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். ஆனால் ஒருநாளும் அவர்கள் முன் நின்றதில்லை.

ஆசிரியைக்கு ஒரு கடிதம் எழுதினால் போதாதா?

கெர்டா வில்மர்


எம்மன்புரூக்கே
24.02.2025

வில்மர் அம்மாவுக்கு,

போதாது. கடிதம் வாசிச்சால் பிள்ளையள் யன்னலுக்கு வெளியில பாக்குங்கள்.

உங்களைப் பாத்து வகுப்புச் சிரிச்சது, நீங்கள் படத்துக்குள்ள ஒளிச்சியள். இப்ப ஹரிஷாவைப் பாத்துச் சிரிக்குது. அவள் எங்கை போய் ஒளிக்கிறது?

பயமெண்டால் நான் பக்கத்தில இருக்கிறன். சிரிக்கிறதெண்டால் முதல் என்னைப் பாத்துத்தான் சிரிப்பினம். டீச்சரோட சரணியா கதைச்சிட்டாள். வாற வெள்ளிக்கிழமை காலமை கீழ வாசலில நிப்பன். சேர்ந்து போவம்.

சமாதானம் எண்டு நினைக்க வேண்டாம்.

ராஜேஸ்வரி


எம்மன்புரூக்கே
03.03.2025

அன்புள்ள திருமதி ராஜேஸ்வரி,

பஸ்ஸில் நான் பாதி வழியிலேயே இறங்கிவிடப் பார்த்தேன். உங்கள் பையை என் மடியில் வைத்து "பிடியுங்கோ" என்று மட்டும் சொன்னீர்கள். அதற்கு நன்றி.

வகுப்பில் டொச் மொழியிலேயே எல்லாம் நடந்ததால், அங்கே என்ன பேசினோம் என்று உங்களுக்கு முழுதாக விளங்கியிராது. அதை எழுதித் தருவது என் கடமை.

"இவர் கள்ளி இல்லை, நான்தான் தவறாக வரைந்தேன். இறந்துபோன தன் கணவரின் காலுறையைத் தேடிக்கொண்டிருந்தார்" என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பையன் கை உயர்த்தினான்.

"பிறகு அது கிடைத்ததா?"

"இல்லை."

"நன்றாகத் தேடினீர்களா?" என்று கேட்டுவிட்டு மேசைக்குக் கீழே இறங்கிவிட்டான். அவனைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். அப்போது உங்கள் ஹரிஷா கத்தினாளே, அது இதுதான்: "பச்சை! எங்கட தாத்தாவின்ர சொக்ஸ் பச்சை! பச்சையைத் தேடுங்கோ!"

வகுப்பு முழுவதும் நாலு காலில் தவழ்ந்ததே, அதை நடுவில் நீங்கள் நிற்க நான் வரைந்துவிட்டேன். அடுத்த பதிப்பில் அதுதான் கடைசிப் பக்கம். பதிப்பகத்தார் சம்மதித்துவிட்டார்கள். படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்களுக்குச் சம்மதமா?

உங்கள்
கெர்டா வில்மர்


எம்மன்புரூக்கே
07.03.2025

வில்மர் அம்மாவுக்கு,

படம் பாத்தன். தழும்பு எனக்கு இடப்பக்கம். நீங்கள் வலப்பக்கம் கீறியிருக்கிறியள். பக்கத்தில இருந்து பஸ்ஸில வந்தும் பிழைவிட்டால் என்ன சொல்லுறது! திருத்திப்போட்டு அச்சடியுங்கோ.

நேற்று நான் பஸ் தரிப்பில நிண்டனான். ஹரிஷா வந்து கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்கே போயிட்டாள். "இஞ்ச நில்லுங்கோ, இவையும் காணட்டும்" எண்டாள். ஒரு பெட்டைப் பிள்ளை தன்ர பச்சைச் சொக்ஸைக் கழட்டிக்கொண்டுவந்து, இதுவோ எண்டு கேட்டுது. இல்லை எண்டு தலையாட்டினன்.

செவ்வாய்க்கிழமை உங்கட முறை. சீமெந்து நிலத்தை நான் மறக்கேல்லை, மறக்கவும் மாட்டன். உடுப்பை மெசினில போட்டுட்டு மூன்றாம் மாடிக்கு ஏறி வாங்கோ, அது சுத்தி முடியிறதுக்குள்ள தேத்தண்ணி குடிக்கலாம்.

இந்தக் கடிதத்திலயும் சுகமோ எண்டு கேக்கேல்லை. வந்தால் நேரில கேப்பன்.

மூன்றாம் மாடி
ராஜேஸ்வரி