வால்யூம் பட்டன்

செவ்வாய், இரவு

கன்டெய்னர் மேலிருந்து விழுந்த பிறகு என் வீட்டுக்காரருக்கு வலது கட்டைவிரல் மட்டும்தான் அசைகிறது. அந்த விரலுக்காகத்தான் பழைய ஐபோனில் கம்பெனி போட்ட பூட்டை உடைத்து ஜெயில்பிரேக் செய்தேன். அவர் வால்யூம் பட்டனை அமுக்கினால் என் போன் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காக ஏற்றிப் பார்த்த ட்வீக் என்கிற குட்டி புரோகிராம்களில் இரண்டு இந்த வெர்ஷனுக்கு ஒத்துவரவில்லை. மூன்றாவது வேலை செய்தது. அந்த தைரியத்தில்தான் காசிமேட்டில் இறால் உரிக்கப் போகிறேன். அடித்தால் ஓடி வந்துவிடும் தூரம்.

இன்று அடிக்கவே இல்லை. தூங்குகிறார் என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் படுக்கையெல்லாம் ஈரம். விரல் பட்டனை அமுக்கியபடியே இருந்தது. பகலில் கரண்ட் போய், சார்ஜ் தீர்ந்து போன் அணைந்திருக்கிறது. கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகியிருக்கிறது. ஆனால் ஒருமுறை அணைந்தால் ஜெயில்பிரேக் போய்விடும், மறுபடி போட வேண்டும். அது அவருக்குத் தெரியாது.

"எம்மாந்நேரமாய்யா அமுத்திகினு கீற?"

"மத்தியானத்துலேர்ந்து. உனுக்கு அடிக்குது, நீதான் வராம கீறன்னு நெனச்சேன்."

விளக்கிச் சொன்னேன். "சரி வுடு" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போதிலிருந்து போட்டுப் போட்டுப் பார்க்கிறேன். பாதியில் நின்று, போன் அணைந்து அணைந்து எழுகிறது. நாளைக்கு நான் போகாவிட்டால் வேறு ஆள் வைத்துவிடுவார்கள். போனால் இவர்?

இப்போது தூங்குகிறார். போன் என் கையில் இருக்கிறது. வெறும் படுக்கையில் அவர் கட்டைவிரல் இன்னும் அமுக்கிக்கொண்டே இருக்கிறது.