திருகாணி

அன்புள்ள அக்கா,

அம்மா கடைசியாகப் பேசிப் பதிந்த கேசட் பரணில் கிடைத்தது. அப்பா தூங்கியதும் அவருடைய பழைய டேப் டெக்கில் போட்டு ஹெட்போனில் கேட்டேன். குரல் மங்கலாக இருந்தது. டேப் உரசிப் போகும் ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, அதன் சாய்வை மாற்றும் சின்னத் திருகாணியை மெல்லத் திருப்பினேன். அம்மா காதுக்குள்ளேயே வந்துவிட்டாள்.

“பெரியவளே, அப்பா கோபமா இருக்கிறப்ப தங்கச்சியைத் தனியா விட்டுடாதடி. வாயாடி, வாங்கிக் கட்டிக்குவா!” என்று சிரிக்கிறாள்.

ஹெட் அம்மா கேசட்டுக்குப் பொருந்திப்போனதில், இப்போது அப்பாவின் கேசட்டுகள் எல்லாம் மங்கலாகக் கேட்கின்றன. திருகாணி முன்பு எங்கே நின்றதென்று குறித்துவைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் பாட்டுப் போடுவார். போன முறை டெக்கின் மூடியில் கீறல் விழுந்ததற்கே... கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், விரல் இன்னும் மடங்கவில்லை.

நீ போனதில் எனக்குக் கோபமில்லை. கடிதம் சனிக்கிழமை கிடைத்துவிடும். அன்றைக்கே வந்துவிடு.

உன் வாயாடி