உனக்காக மறைக்கத் தவறிய தொட்டில்

காலையில் கீழ்வீட்டு மராத்தி அம்மா ஒரு கிண்ணத்தில் கூக்ரி கொண்டுவந்து கொடுத்தார். பேத்திக்குப் பெயர் வைத்துத் தொட்டிலில் போட்டார்களாம். அதற்கு எல்லோருக்கும் இந்தச் சுண்டலைத்தான் கொடுப்பார்கள். சிரித்து வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன். நீதான் நினைவுக்கு வந்தாய்.

உன் குழந்தை வயிற்றிலேயே போனபின் நீ பேச்சைக் குறைத்துக்கொண்டாய், ஓவியம் பார்ப்பதை மட்டும் விடவில்லை. ஓவியர்கள் தங்கள் படங்களைப் போடுகிற அந்த இணையதளத்தில்தான் நீயும் வரைந்து போட்டுக்கொண்டிருந்தாய். ஹடப்சரில் அதே தளத்தின் அலுவலகத்தில் எனக்கு வேலை. "படம் பாக்காம இருக்க முடியலடி. தொறந்தா தொட்டிலும் புள்ளையுமா வருது. உன் ஆபீஸ்ல சொல்லி ஏதாச்சும் பண்ணேன்" என்றாய்.

பண்ணினேன். படத்துக்குக் கீழே ஓவியர்கள் எழுதுகிற டேக் என்ற அடையாளச் சொற்களில் வேண்டாததைச் சொல்லிவிட்டால், அந்தப் படங்கள் கண்ணில் படாது. எனக்கு அப்படி ஒரு பெருமை. கேம்ப் கடைத்தெருவில் நாம் வழக்கமாக உட்காரும் டீக்கடையில் உன் போனை வாங்கி, தொட்டில், குழந்தை என்று ஆங்கிலத்தில் நானே அடித்தேன். "இனி ஒண்ணும் வராது, தைரியமா பாரு" என்று நீட்டினேன்.

நீ விரலால் தள்ளிக்கொண்டே போனாய். சாமந்தி சுற்றிய தொட்டில் ஒன்று வந்து நின்றது. சுற்றிலும் பெண்கள், உள்ளே குழந்தை. வரைந்தவர், தொட்டிலுக்கு மராத்தியில் சொல்கிற 'பாள்ணா' என்று மட்டும் டேக் போட்டிருந்தார். என் ஃபில்டருக்கு ஆங்கிலம் ஒன்றுதான் தெரியும். வீட்டில் தமிழ், சந்தையில் மராத்தி, ஆட்டோக்காரரிடம் இந்தி என்று நாள் முழுக்க மாற்றி மாற்றிப் பேசுகிறவள் நான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் ஊரே ஆங்கிலத்தில் எழுதும் என்று எப்படி நினைத்தேனோ.

நீ போனைக் கவிழ்த்து வைத்தாய். "விடுடி, நீ வேணும்னேவா பண்ணின? டீ ஆறுது, குடி." திட்டியிருந்தால் தேவலை.

அதன்பின் நீ அந்தத் தளத்தைத் திறக்கவே இல்லை. வரைவதையும் விட்டாய். அலுவலகத்தில் சொன்னேன், மற்ற மொழிகளை அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அன்றே சண்டை போட்டிருக்க வேண்டும். மழைக்காலத்தில் டெங்கு வந்து நீ போன பிறகுதான் போட்டேன்.

இப்போது ஒரு மொழியில் மறைத்தால் எல்லா மொழியிலும் மறைகிறது. வரைந்தவர் டேக் போட மறந்தாலும் பார்ப்பவர் சேர்க்கலாம். சோதித்துப் பார்க்க ஏதாவது ஒன்றை அடிக்கச் சொன்னார்கள். உன் பெயரை அடித்தேன். நீ வரைந்த ஏரவாடா மார்க்கெட், மழையில் நனையும் ஆட்டோ, நான் வாயைத் திறந்து தூங்கும் படம், எல்லாம் காணாமல் போயின. ஒன்றுகூடத் தப்பவில்லை. உனக்குச் செய்யத் தெரியாததை எனக்கு எவ்வளவு சுத்தமாகச் செய்துகொண்டேன், பார்.

அதை அப்படியே விட்டிருந்தேன். திரையில் நீ வராதது சௌகரியமாகவும் இருந்தது, வெட்கமாக இருக்கிறது சொல்ல. இன்று அந்தக் கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டு, மறைப்பிலிருந்து உன் பெயரை எடுத்தேன். முதலில் வந்தது, வயிற்றில் பிள்ளையோடு நீ வரைந்த காலித் தொட்டில். நான் தள்ளவில்லை. பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.